தூணில் கடைசிப் பெயர்

அன்று தூணருகே இருந்தவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர்.

ஜப்பான் அதிகாரி ஒருவர். அவரோடு வந்த சிப்பாய்கள் இரண்டு பேர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர். தூண் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் பெயிண்டர் வடிவேல் அண்ணன். கோயிலிலிருந்து புதுப் பூசாரி, பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர், மாதா கோயிலிலிருந்து ஒரு சாமியார், ஆக மூன்று. கல் கொத்திய சீனர் ஆ செங். ரேஷன் அரிசி டிப்போவின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. செத்துப்போனவர்கள் வீட்டுப் பெண்கள் ஏழு பேர். என் மாமியார். நான். என் இடுப்பில் இரண்டரை வயது சரசு.

இவ்வளவு சரியாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். பயம் வந்தால் நான் ஆட்களை எண்ணுவேன். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறியதும் எண்ணுகிறேன். அன்று மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் இருபத்து மூன்றுதான் வந்தது.

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சின்னத் திடல். முந்தின இரவு பெய்த மழையில் பாதி சேறு. தூணைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஜப்பான்காரன் ஆட்சி, துணிக்குப் பஞ்சமான காலம், அதனால் கோயில் திரைச்சீலையை வாங்கி வந்திருந்தார்கள். கட்டியவர் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டார். முருகனின் மயில் தலைகீழாகத் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

அத்தை கையில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"பூ எதுக்கு அத்தை?"

"சும்மாதான்டி. செத்துப்போன பூசாரிக்கு வைக்க."

நான் நம்பினேன். அன்று அவரைத் தனியாக அனுப்பப் பயந்துதான் கூடவே போனேன். எங்கேயாவது வாய்விட்டு அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயம். அவர் அழவே இல்லை.

நான்கு பக்கமும் ஒரு சண்டையும்

இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்திரிகையில் இந்தத் தூணைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மா, நானும் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன்தான். அப்படி ஒரு தூணைப் பார்த்ததே இல்லையே" என்கிறார்.

பார்த்திருக்க முடியாது தம்பி. அது இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், ஜப்பான்காரன் அனுமதி கொடுத்து வைத்த கல் என்று இடித்துவிட்டார்கள். உடைந்த கல்லை எந்தக் கால்வாய்க்குப் போட்டார்களோ தெரியாது. மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய்களைக் கடக்கும்போது இப்போதும் குனிந்து பார்க்கிறேன். என் மகள் திட்டுகிறாள்.

தூண் யோசனை எங்கள் ஆட்களுடையதுதான். ஜப்பான்காரன் பினாங்கின்மேல் முதல் குண்டு போட்ட நாளில் செத்தவர்களுக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று தொடங்கினார்கள். அவர்களோடு சேர்த்து, அன்று சாமிக்காக உயிர் விட்ட மூன்று பேருக்கும். சைரன் ஊதியும் கருவறையைப் பூட்டாமல் போகமாட்டேன் என்று நின்ற பண்டாரம் ஒருவர். மதியத் தொழுகைக்கு அழைக்கப் படியேறிய மோதினார் ஒருவர். மாதா கோயிலில் நோயாளிகளைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, நாலாவது தடவை உள்ளே போய்த் திரும்பாத உபதேசியார் ஒருவர்.

அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குண்டு யாருடையது என்று கல்லில் இருக்கக் கூடாது. "யுத்தத்தில் மாண்டோர்" என்று எழுதிக்கொள்ளலாம். இடியிலும் மின்னலிலும் செத்தவர்கள் மாதிரி.

அப்புறம் எங்கள் ஆட்கள் சண்டையைத் தொடங்கினார்கள். மூன்று பேரில் யார் பெயர் மேலே? பண்டாரமா, மோதினாரா, உபதேசியாரா? ஒரு மாதம் இதிலேயே போனது. ஊரில் மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காத மாதம் அது.

வடிவேல் அண்ணன்தான் வழி சொன்னார். "தூணுக்கு நாலு பக்கம் இருக்குலா. மூணு சாமிக்கு மூணு பக்கம். மத்தவங்க எல்லாரையும் நாலாவது பக்கத்துல போட்டுடலாம்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு ஒரு பெயர், பெரிய எழுத்தில். கால்வாயைப் பார்த்த நாலாவது பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை நெருக்கி, முப்பத்தேழு பெயர்கள். மூட்டை தூக்கியவர்கள், மாட்டுவண்டிக்காரர்கள், பாசாரில் கீரை விற்றவர்கள்.

அந்தப் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டது நான்.

"எத்தினை பேர்?"

அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். எழுதும்போதுகூடக் கை நின்றுவிடுகிறது. பத்திரிகை ஆசிரியர் பெயரில்லாமல் வாசகர்களுக்குப் புரியாது என்கிறார். மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறேன், அது போதும்.

அவர் துறைமுகத்தில் சரக்குப் படகில் மூட்டை இறக்கினார். குண்டு விழுந்த அன்று மதியம் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். உடம்பெல்லாம் மாவு. "அண்ணி, தேடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை தேடினார். மூன்று நாள். பிணங்களை லாரியில் அள்ளிக்கொண்டுபோய் ஒரே குழியில் போட்டார்கள். மூன்றாம் நாள் மாலை அத்தை திரும்பி வந்தபோது சேலை முழுவதும் சுண்ணாம்பு. கேட்டதற்கு, "முகம் தெரியலடி" என்றார். அதோடு சரி.

கொள்ளி வைக்க உடம்பு கிடைக்கவில்லை. கல் நிறுத்திக் காரியம் செய்யவும் முடியவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தீவின் மறுபக்கம் பாலிக் புலாவுக்கு ஓடினோம். அந்தக் கதையைத்தான் போன வாரம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பழைய வீடு கரிக்கட்டை. வேறு சந்தில் ஓர் அறை பிடித்தோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அரிசிக் கார்டு பதிந்தார்கள். டிப்போவில் பெரிய கிராணி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒல்லி, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருக்கும்.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"நாலு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டுப் போகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததிலிருந்து யார் கேட்டாலும் நாலு பேர் என்றுதான் சொல்லிப் பழக்கம். வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு திருப்பி எடுக்கத் தைரியமில்லை.

"புருசன்டை பேர் என்ன?"

வாய் மூடிக்கொண்டது. பின்னால் நின்ற அத்தை, "முனியாண்டிங்க, என் மகன்" என்றார். மகன் பெயரை அவர் சொல்லி இரண்டு மாதமாகியிருந்தது. குரலில் ஒரு சந்தோஷம்போல ஏதோ இருந்தது.

கிராணி சிரித்தார். "நீர் புருசன்டை பேரைச் சொல்லமாட்டீரோ? என்ரை மனுசியும் அப்பிடித்தான். ஒருநாளும் சொல்லாள். சரி, கையெழுத்தோ, கைநாட்டோ?"

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுதப் படிக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம். பேனாவை வாங்கி ராசம்மா என்று கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைத்திருக்கலாம். எத்தனையோ தடவை இதை நினைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பங்கு அரிசியைப் பால் டின்னில் அளந்தால் மாதம் ஒன்பது டின் வரும். கல்லும் புழுவும் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்த அரிசி. அதைக் கஞ்சி வைத்துத்தான் சரசு நடக்கக் கற்றாள்.

ஆள் எங்கே என்று யாராவது கேட்டால் ஜப்பான்காரர் படகில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்பேன். கழுத்தில் தாலி இருக்க வேண்டும். தங்கத்தை விற்றுவிட்டேன், கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டேன். குங்குமம் தீர்ந்தபோது செங்கல்லைப் பொடித்து எண்ணெயில் குழைத்துப் பொட்டு வைத்தேன். தினமும் காலையில் நான் கண்ணாடி முன் நின்றால், அத்தை எழுந்து வெளியே போய்விடுவார். அவர் வெள்ளைச் சேலை கட்டியவர். நான் ஏன் பொட்டு வைக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

வடிவேல் அண்ணன் வந்தார்

தூணுக்குப் பெயர் சேர்த்தவர் வடிவேல் அண்ணன். கடைப்பலகை எழுதுகிறவர். கல்லில் அவர் பெயிண்டால் எழுதிக் கொடுப்பார், தமிழ் தெரியாத ஆ செங் அந்தக் கோட்டிலேயே உளி வைத்துக் கொத்துவார். பழைய சந்தில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தார். என் நெற்றியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ராசு, முனியாண்டி பேரப் போட்டுடவா?"

"வேணாம்ண்ணே."

"ஏன்மா? அவனுக்குன்னு ஒண்ணுமே பண்ணலையே."

கதவைச் சாத்திவிட்டு அரிசிக் கார்டை எடுத்துக் காட்டினேன். அதை ரவிக்கைக்குள் சுருக்குப் பையில்தான் வைத்திருப்பேன். வியர்வையில் ஓரம் கறுத்திருந்தது. அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"புரியுது. தூண்ல பேர் வந்தா கார்டுல பேர் போயிடும். ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்னு டிப்போவுக்கு ஆர்டர் வந்திருக்கு. பெரிய கிராணியே நேர்ல வர்றாராம். நீ வாயத் தெறக்காத."

கார்டிலிருந்து பெயர் போவது மட்டும் என்றால் பரவாயில்லை. அடுத்த சந்தில் ஒருவர் செத்துப்போன குழந்தைக்கு அரிசி வாங்கினார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு நாளில் விட்டார்கள். வந்தவருக்குப் பத்து விரலிலும் நகம் இல்லை. அவர் மனைவி அவருக்குச் சோறு ஊட்டிவிடுவதை நான் பார்த்தேன்.

வடிவேல் அண்ணன் போன பிறகு அத்தை மூலையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பண்டாரத்துக்குக் கல்லு. உபதேசியாருக்குக் கல்லு. எம்புள்ளைக்கு?"

"அத்தை, சரசு இருக்கா."

"நான் இல்லேன்னா சொன்னேன்?"

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

கார் நின்ற பக்கம்

இனித் திடலுக்குத் திரும்புகிறேன்.

கமிட்டிக்காரர்கள் ரோட்டைப் பார்த்த பக்கத்தைக் கூட்டிப் பெருக்கி, மணல் தூவி, அதிகாரி நிற்க ஒரு பலகையும் போட்டிருந்தார்கள். கார் வந்தது. அந்தப் பக்கம் மணலுக்கு அடியில் ஒரே சேறு. சக்கரம் சுற்றியது, சேறு தெறித்தது. ஓட்டிவந்த சிப்பாய் பின்னால் எடுத்து, கால்வாய்க் கரை மேடாக இருந்ததால் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அதிகாரி இறங்கிய இடமே முன்பக்கம் ஆனது. யார் போய்ச் சொல்வது, ஐயா இது பின்பக்கம் என்று? ஒரு மாதம் சண்டை போட்ட மூன்று பெயர்களும் வேறு மூன்று திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் எல்லாரும் ஓடிப்போய்க் கால்வாய்ப் பக்கம் வரிசையாக நின்றோம். குனிந்து வணங்கச் சொன்னார்கள், வணங்கினோம். திரைச்சீலையை இழுத்தார்கள்.

கல்லில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நான் எழுத்துக்கூட்டிக் கீழே வந்தேன். பெயர் படிப்பதல்ல, எண்ணுவதுதான் என் நோக்கம். முப்பத்தேழு வரும் என்று எண்ணினேன்.

முப்பத்தெட்டு வந்தது.

கடைசிப் பெயர், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில். அத்தை எனக்குத் தெரியாமல் வடிவேல் அண்ணனிடம் போய், "ராசு ஒத்துக்கிட்டா" என்று சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். அவரும் யோசித்திருப்பார். கால்வாயைப் பார்த்த பக்கம், புல் மறைக்கும் உயரம், யார் குனிந்து படிக்கப் போகிறார்கள் என்று.

வடிவேல் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வாசியும் பாப்பம்"

அதிகாரி பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. பெரிய கிராணி ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு கல்லின் முன்னால் குந்திவிட்டார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து நோட்டைப் பார்த்துக்கொண்டே கீழே வந்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

எழுந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"உம்மடை புருசன்டை பேரும் முனியாண்டிதானே?"

"ஆமாங்கய்யா. ஆனா இது வேற ஆளுங்க. ஊருல எத்தனையோ பேருக்கு இந்தப் பேரு."

"வேறை ஆளோ?"

"வேற ஆளுங்க. எங்க வீட்டுக்காரரு படகுல இருக்காரு."

மொழிபெயர்ப்பாளர் இந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். கிராணியும் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, பொய்க் கார்டு ஒண்டு பிடிபட்டால் முதல் அடி எனக்கு. விளங்குதோ? வேறை ஆளெண்டால் நல்லது. அந்தப் பேரை வாசியும் பாப்பம்."

"ஐயா..."

"உமக்கு எழுத்துத் தெரியும், கையெழுத்து வைக்கிறனீர். வேறை ஆள்டை பேரெண்டால் சொல்லுறதுக்கென்ன?"

அவர் மனைவியும் சொல்லாதவள். என்ன கேட்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் மேலிருந்து படிக்கத் தொடங்கினேன். அவர் கேட்டது ஒரு பெயர். நான் முதல் பெயரிலிருந்து படித்தேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. கிராணி தடுக்கவில்லை. மூட்டை தூக்கியவர்கள், வண்டிக்காரர்கள், கீரைக்காரி. ஏழு பெண்களும் அவரவர் வீட்டுப் பெயர் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு.

சரசு என் தாலிக்கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டாவதையும் சொன்னேன். முழுதாக, தெளிவாக, யாரோ முன்பின் தெரியாத ஆளின் பெயரைச் சொல்வதுபோல. நான்கு வருடம் குடும்பம் நடத்தியும் அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, இங்க பாருங்க, அவ்வளவுதான். முதன்முதலாகச் சொன்னது அங்கேதான், அவர் எனக்கு யாருமில்லை என்று காட்டுவதற்கு.

கிராணி அத்தை பக்கம் திரும்பினார். "அம்மா, இது உங்கடை மகனோ?"

அத்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அவர் சொல்லுவார் என்றே நினைத்தேன். அந்த வரிக்காகத்தானே வந்தார்.

"இல்லைங்க" என்றார். "எம்மகன் படகுல இருக்கான்."

பிறகு குனிந்து, கையிலிருந்த செம்பருத்தியை வைத்தார். அவர் கை கடைசி வரிக்குப் போகவில்லை. அதற்கு மேலே, ஒரு மாட்டுவண்டிக்காரர் பெயரில் காம்பைச் செருகி வைத்தார்.

கிராணி நோட்டில் ஏதோ எழுதினார். நம்பினாரா இல்லையா, இன்றும் எனக்குத் தெரியாது.

அவன் பங்கு

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டினேன். அத்தை தட்டை நகர்த்தி வைத்தார்.

"அவன் பங்க எனக்குப் போடாத."

"அத்தை, எல்லாம் ஒண்ணாத்தானே கொதிக்குது. எது அவர் பங்கு, எது உங்க பங்குன்னு எப்படிப் பிரிக்கிறது?"

"அப்ப எனக்கு எதுவும் போடாத."

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவளுக்கு வருகிற கோபம் பொல்லாதது. "நீங்களும்தானே இல்லைன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா, நானும்தான் சொன்னேன். அதான் தொண்டையில எறங்கல."

அன்றிலிருந்து அவர் மரவள்ளிக்கிழங்கைத் தவிர எதையும் தொடவில்லை. தன் பங்கு அரிசியைத் தனியாக ஒரு டின்னில் போட்டு வைப்பார். சரசு பசி என்றால் அதிலிருந்து கஞ்சி காய்ச்சுவார். என்னோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணி இருக்கா, விறகு நனைஞ்சிருக்கு என்ற அளவில் பேசினார். காலையில் நான் பொட்டு வைக்கும்போது மட்டும் வெளியே போவதை நிறுத்திவிட்டார். உட்கார்ந்து பார்த்தார். அதைவிட வெளியே போயிருக்கலாம்.

சில மாதங்களில் அவர் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்கும். அரிசி சாப்பிடுங்க என்று காலில் விழுந்து கேட்டேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார், சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம், சரசுவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

டிப்போவில் போய், "எங்க அத்தை போயிட்டாங்க" என்று சொன்னேன். இந்தத் தடவை நானாகவே சொன்னேன். பெரிய கிராணி கார்டை வாங்கி, அவர் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். மற்ற மூன்று பெயர்மேலும் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார்.

கல்லுக்காரர்

காரியம் முடிந்த மறுநாள், ஆ செங் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். தொப்பியெல்லாம் கல்தூள். கையில் ஒரு தாள். தமிழர்களோடு பழகிப் பழகி ஓரளவு தமிழ் பேசுவார்.

"கிழவி எங்கே?"

"செத்துப்போயிட்டாங்க."

"ஐயோ..." என்று தொப்பியைக் கழற்றினார். பிறகு தாளை நீட்டினார். வடிவேல் அண்ணனின் தூரிகை எழுத்து. அந்தப் பெயர். "இது கிழவி சொன்ன பேர். கமிட்டி லிஸ்ட்ல இல்லை. கமிட்டி காசு குடுக்கமாட்டான். கிழவி நான் தர்றேன் சொன்னாங்க. பித்தளைத் தவலை குடுத்தாங்க. அது பாதிதான்லா. இன்னும் இருபது வெள்ளி."

ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தவலை. அது காணாமல் போனபோது பக்கத்து அறைக்காரியைச் சந்தேகப்பட்டு நான் இரண்டு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கத்து அறைக்காரி இப்போது குழாயடியில் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆ செங் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது எழுத்துக்கூட இல்லை, வெறும் கோடு. "இது உங்க வீட்டுப் பேர்தானே அக்கா?"

அங்கே அதிகாரி இல்லை. கிராணி இல்லை. நோட்டு இல்லை. ஒரு கல்லுக்காரர், ஒரு பக்கத்து அறைக்காரி, ஒரு குழந்தை. எண்ணினேன். என்னோடு நாலு பேர்.

"இல்லை" என்றேன். "எங்க வீட்ல அப்படி யாரும் கிடையாது."

அவர் சண்டை போடவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரசு கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். கன்னத்தில் கல்தூள் ஒட்டியது. போய்விட்டார்.

ஜப்பான் சண்டை முடிந்து, இனி யாரும் நகம் பிடுங்கமாட்டார்கள் என்று ஆன பிறகு, அவரைத் தேடிக்கொண்டு போனேன். கடை பூட்டிக் கிடந்தது. பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், செத்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். ஃபெரியில் ஏறிப்போய் அங்கேயும் இரண்டு நாள் விசாரித்தேன். எந்தக் காசு நோட்டில் கொடுப்பது என்றும் தெரியவில்லை. செல்லாமல்போன ஜப்பான் நோட்டுகளைக் குழந்தைகள் கப்பல் செய்து கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயரில் ஐந்து எழுத்து. எழுத்துக்கு எட்டு வெள்ளி. தவலைக்கு இருபது கழித்தார். நான் இன்னும் தரவேண்டியது இருபது வெள்ளி.